கடைசிச் சுற்றும் காணாத கண்களும்

விளையாட்டுப் பத்திரிகைகளுக்கு என்றும் அலுக்காத கதை ஒன்று உண்டு. எவரும் பொருட்படுத்தாத ஓர் இளைஞன்; அவனைக் கடைசி நேரத்தில் கண்டுகொள்ளும் ஒரு தேர்வாளர்; அதன் பின்னர் வெற்றியும் புகழும் செல்வமும். சேற்றில் கிடந்த முத்து மகுடத்தில் ஏறிவிட்டது என்று எழுதி முடிப்பார்கள். படிப்போர் கண் கலங்குவர். ஆசிரியர்கள் அதனை வகுப்பறையில் எடுத்துச் சொல்வர். திறமை இருந்தால் எங்கிருந்தாலும் வெளியே வந்தே தீரும் என்ற பாடம் மாணவர் மனத்திற் பதிந்துவிடும்.

இந்தப் பாடம் பொய் என்பதே எமது வாதம். கதையில் வரும் நிகழ்ச்சிகள் உண்மையானவை. கதை புகட்டும் நீதிதான் பொய்யானது. முத்தைக் கண்டெடுத்தவரைப் புகழும்போது, அதனைச் சேற்றில் கிடக்கவிட்டவர் யார் என்ற கேள்வி மறைந்துபோகிறது. ஒருவன் வெளியே வந்த மகிழ்ச்சியில், வராமற்போன எண்ணற்றோரின் கணக்கு மறக்கப்படுகிறது. மாத்தளை மாவட்டத்துத் தோட்டப்புறங்களை அறிந்த எவரும் இந்தக் கணக்கை மறத்தல் இயலாது. அதனைச் சொல்லுமுன், இக்கதைக்குத் தாய்வீடாக விளங்கும் அமெரிக்காவின் அனுபவத்தைச் சற்று நோக்குவோம்.

அமெரிக்காவின் அளவுகோல்

ஐக்கிய அமெரிக்காவில் கால்பந்து என வழங்குவது நாம் அறிந்த கால்பந்தன்று. முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் ஆட்டம் அது. அதில் 'குவாட்டர்பேக்' என்ற இடத்தில் நிற்பவரே அணியின் மூளை. எதிரணியின் நிலையை ஒரு நொடியில் படித்து, பந்தை எவரிடம் எறிவது என்று முடிவு செய்பவர் அவரே. பல்கலைக்கழகங்களில் ஆடித் தேர்ந்த இளைஞர்களைத் தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் பெயர் சொல்லிப் பங்கிட்டுக்கொள்கின்றன. 'டிராஃப்ற்' எனப்படும் இந்த வரிசைத் தெரிவு 1936இல் தொடங்கியது. முந்திய பருவத்தில் கடைசியில் நின்ற அணிக்கு முதல் உரிமை. இப்பொழுது ஏழு சுற்றுகள் நடைபெறுகின்றன. முதற் சுற்றில் பெயர் கூறப்பட்டவன் அன்றே செல்வனாகிறான். ஏழாம் சுற்றின் கடைசிப் பெயருக்குரியவனுக்கோ, 'பொருட்படுத்தத் தேவையற்றவர்' என்ற பொருளில் ஒரு கேலிப் பட்டம் 1976 முதல் சூட்டப்பட்டு வருகிறது.

2000ஆம் ஆண்டுத் தெரிவில் 198 பெயர்கள் கூறி முடிந்த பின்னரே, ஆறாம் சுற்றில், டொம் பிராடி என்ற குவாட்டர்பேக்கின் பெயர் ஒலித்தது. அவரே பின்னர் 'சூப்பர் போல்' எனப்படும் இறுதிக் கிண்ணத்தை ஏழு முறை வென்றார். 1994இல் எந்தச் சுற்றிலும் பெயர் கூறப்படாத கேட் வார்னர், பல்பொருள் அங்காடியொன்றில் இரவு வேளையில் தட்டுகளில் பொருள் அடுக்கிப் பிழைத்தார். 2000 ஜனவரியில் அதே கிண்ணத்தை வென்றார். 2022இல் 262ஆம் பெயராக, கேலிப் பட்டத்துக்குரிய கடைசிப் பெயராக, அழைக்கப்பட்ட புறொக் பேர்டி, 2024 பெப்ரவரியில் நடைபெற்ற இறுதி ஆட்டத்தில் சான் பிரான்சிஸ்கோ அணியை வழிநடத்தினார்.

கோடிக்கணக்கில் பணம் செலவிட்டு, உயரம் அளந்து, ஓட்டவேகம் கணித்து, படச்சுருள்களைப் பார்த்துத் தேர்வு செய்யும் நிபுணர்கள் எங்ஙனம் தவறினர்? அளக்கக்கூடியதை அவர்கள் அளந்தனர். அளக்கத் தெரியாததை இல்லையென்று எழுதினர். ஆட்டத்தின் நெருக்கடியில் நிதானமிழவாத மனத்தை எந்த நாடா கொண்டு அளப்பது?

எனினும் இவை சிறு தவறுகளே. பெருந்தவறு வேறொன்று. அதனைக் காண வேண்டுமாயின் கறுப்பின ஆட்டக்காரரின் வரலாற்றைப் படிக்க வேண்டும். 1968இல் மார்லின் பிறிஸ்கோ என்ற கறுப்பின இளைஞரை டென்வர் அணி 14ஆம் சுற்றில் தெரிவு செய்தது. பல்கலைக்கழகத்தில் அவர் குவாட்டர்பேக். ஆனால் அணியோ அவரைத் தற்காப்பு வரிசைக்கென எடுத்தது. மூளையால் ஆடும் இடம் வெள்ளையருக்குரியது என்பது அந்நாளைய எழுதாச் சட்டம். அணியின் குவாட்டர்பேக் காயமுற்றமையால் வேறு வழியின்றி அவருக்கு வாய்ப்புக் கிட்டியது. அந்தப் பருவத்திலேயே அவர் திறமையை நிலைநாட்டினார். அடுத்த பருவத்தில் அந்த இடம் அவருக்கு மறுக்கப்பட்டது; வேறு அணிக்குச் சென்று, பந்தைப் பிடித்து ஓடுபவராகத் தம் ஆட்டவாழ்வைத் தொடர வேண்டியவரானார்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1978இல், வொரன் மூன் என்ற கறுப்பின குவாட்டர்பேக், பல்கலைக்கழக ஆட்டங்களுள் மிகப் புகழ்பெற்ற ஒன்றில் சிறந்த ஆட்டக்காரராக விளங்கியும், அவ்வாண்டுத் தெரிவின் எந்தச் சுற்றிலும் அவர் பெயரைக் கூற ஓர் அணியும் முன்வரவில்லை. அவர் கனடாவுக்குச் சென்றார். எட்மன்டன் அணியோடு 1978 முதல் 1982 வரை ஐந்து ஆண்டுகள் இடைவிடாது அந்நாட்டுக் கிண்ணத்தை வென்றார். அதன் பின்னரே தாய்நாட்டின் அணிகளுக்குக் கண் திறந்தது. 2006இல் அமெரிக்கக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற முதற் கறுப்பின குவாட்டர்பேக் அவரே.

பிராடியைக் காணத் தவறியது நாடாவின் குற்றம்; மூனைக் காண மறுத்தது மனத்தின் குற்றம். இவ்விரண்டையும் ஒரே கதையாக்கி, 'கடைசிச் சுற்றில் கிடைத்த முத்துக்கள்' என்று தலைப்பிடுவது வரலாற்றைத் திரிப்பதாகும். பிறிஸ்கோவுக்கும் மூனுக்கும் முன் எத்தனை தலைமுறை இளைஞர்கள் இடம் மாற்றப்பட்டு, மனம் முறிந்து, வீடு திரும்பினர்? அவர்களைப் பற்றிக் கதை எழுதுவோர் இல்லை. கதைக்கு வெற்றி வேண்டும். அவர்களுக்கு வெற்றி மறுக்கப்பட்டது.

ஒரு பெண்ணும் ஒரு மைதானமும்

இது அமெரிக்காவின் நோய், எமக்கு இதில் என்ன என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு எமது நாட்டு உதாரணமொன்றையே காட்டுவோம். இலங்கை மகளிர் துடுப்பாட்ட அணியின் தலைவி சமரி அத்தபத்து குருநாகல் மாவட்டத்திலிருந்து வந்தவர். உலகின் முன்வரிசை ஆட்டக்காரிகளுள் ஒருவர் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்த காலத்தில், 2023 பெப்ரவரியில், இந்தியாவில் நடைபெற்ற முதலாவது மகளிர் பிரிமியர் லீக் ஏலத்தில் அவரை வாங்குவார் இல்லை. அதே ஆண்டு செப்டெம்பரில் அவுஸ்திரேலியாவின் மகளிர் 'பிக் பாஷ்' போட்டிக்கு வெளிநாட்டு ஆட்டக்காரிகளுக்கான முதலாவது வரிசைத் தெரிவு நடந்தது. அதிலும் அவர் பெயர் கூறப்படவில்லை. பின்னர் பதிலாளாக சிட்னி தண்டர் அணியிற் சேர்ந்தவர், அந்தப் போட்டித்தொடர் முழுவதற்குமான சிறந்த ஆட்டக்காரியாகத் தெரிவுசெய்யப்பட்டார்.

இவ்விரு சந்தைகளும் அவரைப் புறக்கணித்தமைக்கு அவருடைய துடுப்பில் குறை காண இயலாது. அவர் ஆடிய நாடு சிறியது. அதன் மகளிர் அணிக்கு ஆண்டில் கிடைக்கும் ஆட்டங்கள் குறைவு. தொலைக்காட்சி அவர்களை அரிதாகவே காட்டும். பெரிய நாட்டின் நடுத்தர ஆட்டக்காரிக்கு உள்ள வெளிச்சம் சிறிய நாட்டின் சிறந்த ஆட்டக்காரிக்கு இல்லை. வெளிச்சம் விழுந்த இடத்தில் மட்டும் தேடிவிட்டு, திறமை அங்கேதான் இருக்கிறது என்று சந்தை முடிவு கட்டிற்று.

2024 ஜூலை 28ஆம் திகதி, அதே சமரி அத்தபத்து தலைமை தாங்கிய அணி, இந்தியாவை எட்டு விக்கெற்றுகளால் வென்று ஆசியக் கிண்ணத்தை முதன்முறையாக ஏந்தியது. அவ்வெற்றி பெறப்பட்ட இடம் ரங்கிரி தம்புள்ளை மைதானம். தம்புள்ளை எங்கே உள்ளது? மாத்தளை மாவட்டத்தில்.

மாத்தளை மாவட்டத்துக்கு உலகத் தரமான துடுப்பாட்ட மைதானம் ஒன்று உண்டு. ரங்கிரி தம்புள்ளை விகாரைக்குரிய 60 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குப் பெற்று, 167 நாட்களில் அதனைக் கட்டி முடித்தனர் என்று பெருமையோடு சொல்வார்கள். 2001 மார்ச்சில் இங்கிலாந்து அணி அங்கு ஆடியது. 2010இல் ஆடவர் ஆசியக் கிண்ணத்தின் எல்லா ஆட்டங்களும் அங்கேயே நடந்தன. 167 நாட்களில் ஒரு சர்வதேச மைதானம் எழும்பக்கூடிய மாவட்டத்தில், தோட்டப் பாடசாலைக்கு ஒரு சமதரை அமைக்க எத்தனை ஆண்டுகள் வேண்டும்? இதுவே எமது கேள்வி.

அந்த வழியே வந்தவர்கள்

தம்புள்ளையைக் கடந்து செல்லும் பெருவீதிக்கு ஒரு வரலாறு உண்டு. கோப்பிப் பயிர்க்காலத்தில் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட கூலிமக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக நடந்து, மதவாச்சி, தம்புள்ளை, நாலந்தா எனக் கடந்து மாத்தளையை அடைந்தனர். பசியும் மலேரியாவும் வாந்திபேதியும் அவர்களை வழிநெடுகக் கொன்றன. உயிரோடு மாத்தளை வந்து சேர்ந்தவர்களே கண்டிச் சீமையின் தோட்டங்களுக்குப் பங்கிடப்பட்டனர். அதுவும் ஒருவகைத் தெரிவுதான். திடமான உடல் இந்தத் தோட்டத்துக்கு, மெலிந்த உடல் அந்தத் தோட்டத்துக்கு என்று கங்காணியும் துரையும் பங்கு போட்டனர். அம்மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் எல்கடுவ, இரத்தோட்டை, கம்மடுவை, உக்குவளைப் பகுதிகளின் தோட்டங்களில் லயங்களிலே வாழ்கின்றனர். மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை மைதானத்துக்குத் தூரம் ஏறத்தாழ 45 கிலோமீற்றர். தோட்டத்துப் பிள்ளைக்கோ அது வேறொரு நாட்டில் இருக்கிறது.

'வேறொரு நாடு' என்பது வெறும் அணியன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் எண்ணிப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி பின்னருக்கு ஒத்திவைக்கப்பட்டது. 2003இல் நிறைவேறிய சட்டத்தோடுதான் எஞ்சியோரின் நாடற்ற நிலைக்கு முடிவு வந்தது. நாட்டுக்காக ஆட ஒருவனைத் தெரிவு செய்ய வேண்டுமாயின், முதலில் அவனுக்கு ஒரு நாடு இருக்க வேண்டும் அன்றோ? எமது முன்னைத் தலைமுறைகளுக்குக் கடைசிச் சுற்று மட்டுமன்று, தெரிவுப் பட்டியலே இருக்கவில்லை.

இன்று சட்டம் மாறியிருக்கிறது. ஆனால் ஏணி மாறவில்லை. இலங்கையில் ஒரு துடுப்பாட்டக்காரன் ஏறிச் செல்லும் ஏணியைப் பாருங்கள். முதற்படி, கடினப்பந்து ஆடும் பாடசாலை. இரண்டாம் படி, வயதுப் பிரிவுக்கான மாவட்ட, மாகாணத் தெரிவுகள். மூன்றாம் படி, கழகம். புகழ்பெற்ற கழகங்களுட் பெரும்பாலானவை கொழும்பையும் அதன் அயலையும் சேர்ந்தவை. அதன் மேல் தேசிய அணியும் லீக் ஏலமும். ஒவ்வொரு படியிலும் தேர்வாளர் உண்டு. ஆனால் எந்தத் தேர்வாளரும் முதற்படிக்குக் கீழே குனிந்து பார்ப்பதில்லை.

தோட்டப் பாடசாலை அந்த முதற்படிக்குக் கீழே நிற்கிறது. நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் கையில், ஓராசிரியரோடு, ஐந்தாம் வகுப்புக்கு மேற்செல்லாது கிடந்த பாடசாலைகள் 1970களிலேதான் அரசின் கைக்கு வரத் தொடங்கின. கட்டடங்கள் உயர்ந்தன, வகுப்புகள் கூடின, ஆனால் நிலம் வளரவில்லை. பாடசாலையைச் சுற்றிலும் தேயிலை, அதற்கப்பால் சரிவு. பந்து உருண்டால் பள்ளத்தில் போய் விழும். ஆகவே பிள்ளைகள் மென்பந்தால், லயத்து முற்றத்திலும் வீதி வளைவிலும் ஆடுகின்றனர். அந்த ஆட்டத்திலும் கண் இருக்கிறது, கை இருக்கிறது, சூட்சுமம் இருக்கிறது. சரிவான தரையில் எகிறும் பந்தைச் சமாளிக்கும் பிள்ளைக்குச் சமதரையில் ஆடுவது கடினமா? ஆனால் அதனைக் காண எவரும் அங்கு வருவதில்லை.

கடினப்பந்து ஆட்டம் செலவு மிக்கது. காலுறைக் கவசம், கையுறை, தலைக்கவசம், காலணி, துடுப்பு என்று பட்டியல் நீளும். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாயை எட்டியது 2021இல். நீண்ட போராட்டத்தின் பின் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயானது 2024இல். அந்த 1,350 ரூபாய்ச் சம்பளத்தில் ஒரு மாதம் முழுவதும் மலையேறிக் கொழுந்து பறித்தாலும், இங்கிலாந்து வில்லோ மரத்தில் செய்த நல்லதொரு துடுப்பை வாங்க அப்பணம் போதாதிருந்தது. பயிற்சிக்கு நகருக்குப் போக பஸ் கட்டணம், திரும்பி வரக் கடைசி பஸ், பசித்த வயிற்றுக்கு உணவு என்பன வேறு. பெண்பிள்ளையாயின் இன்னுமொரு சுமை. தாய் கொழுந்து நிறுக்கும் வரிசையில் நிற்கும் மாலைப் பொழுதில், தம்பி தங்கையரைப் பார்ப்பதும் அடுப்பை மூட்டுவதும் அவள் கடமை என்று வீடே தீர்ப்பெழுதி வைத்திருக்கிறது. சமரி அத்தபத்துவின் வெற்றியை அவள் பார்த்திருக்கக்கூடும். அதற்கு அப்பால் ஓர் அடி வைக்க வழியில்லை.

இனி லீக்கின் கதைக்கு வருவோம். 2020 முதல் 2024 வரை லங்கா பிரிமியர் லீக்கின் ஐந்து பருவங்களிலும் தம்புள்ளையின் பெயரால் ஓர் அணி ஆடியது. அது 'வைக்கிங்' ஆயிற்று, 'ஜயன்ற்ஸ்' ஆயிற்று, 'ஓரா' ஆயிற்று, 'தண்டர்ஸ்' ஆயிற்று. 2024 மே மாதத்தில் உரிமையாளர் ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டில் கைதாக, உரிமை பறிக்கப்பட்டு, புதிய கையில் 'சிக்ஸர்ஸ்' ஆயிற்று. ஐந்து பருவங்களில் ஐந்து பெயர்கள். முதலாளி மாறும்போது பெயர் மாறுகிறது. ஊரின் பெயரை மட்டும் கடன் வாங்கிக்கொண்டார்கள். அந்த ஊரின் மாவட்டத்திலுள்ள ஒரு தோட்டப் பிள்ளையைத் தேடிப் பார்க்க வேண்டுமென்ற கடப்பாட்டை எந்த உரிமையாளருக்கும் எவரும் விதித்ததில்லை. ஏலத்தில் விலை கூறப்படுபவர்கள் ஏற்கெனவே கண்டெடுக்கப்பட்டவர்களே. காணப்படாதவனுக்கு ஏலத்தில் அடிப்படை விலைகூட இல்லை.

மூன்று மறுப்புகள்

முத்தையா முரளிதரன் மலையகத் தமிழரல்லரோ, அவர் வரவில்லையா என்று கேட்பார்கள். அவர் எமது பெருமை, அதில் ஐயமில்லை. டெஸ்ட் ஆட்டத்தில் 800 விக்கெற்றுகளை வீழ்த்திய ஒரே பந்துவீச்சாளர் அவர். ஆனால் அவர் வந்த வழியைப் பாருங்கள். பாட்டனார் 1920இல் தேயிலைத் தோட்டத் தொழிலுக்கென வந்தவர். தந்தையாரோ கண்டியில் விசுக்கோத்துத் தொழிற்சாலை நடத்தியவர். இரண்டு தலைமுறைகளுக்குள் அக்குடும்பம் தோட்டத்தை விட்டு நீங்கி நகரின் தொழிலதிபர் நிலைக்கு உயர்ந்திருந்தது. அதனாலேயே கண்டிப் புனித அந்தோனியார் கல்லூரியின் மைதானமும், வேகப்பந்தை விட்டுச் சுழற்பந்துக்கு மாறும்படி பதினான்கு வயதுச் சிறுவனை வழிப்படுத்திய ஒரு பயிற்சியாளரும் அவருக்குக் கிடைத்தனர். அவருடைய மேதை அவருடையதே. ஆனால் அந்த மேதை பந்தைக் கையிலெடுக்க ஒரு மைதானம் இருந்தது. லயத்தில் பிறந்த இன்னொரு மணிக்கட்டு அதேபோல் வளைந்திருந்தால், அது கொழுந்துக் கூடையைச் சுமந்தே தேய்ந்திருக்கும். முரளிதரன் மலையகத்துக்கு வாசல் திறந்திருந்தது என்பதற்குச் சாட்சியல்லர். வாசலைத் திறந்தால் என்ன நிகழும் என்பதற்கே சாட்சி.

இரண்டாவது மறுப்பு, கிராமங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்களே என்பது. உண்மை. காலி மாவட்டத்து ரத்கமையில் மென்பந்தால் பந்து வீசிப் பழகிய லசித் மாலிங்கவை, முன்னாள் தேசியப் பந்துவீச்சாளர் சம்பக்க ராமநாயக்க கண்டு வழிப்படுத்தினார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் லங்கா பிரிமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்கு ஆடி, 2024இல் இந்தியன் பிரிமியர் லீக்கில் ஹைதராபாத் அணி வரை சென்றார். இவ்விருவரின் வாழ்விலும் நாம் காண்பது என்ன? காலியில் மைதானமும் கழகமும் தேர்ந்த கண்ணுடைய ஒருவரும் இருந்தனர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு நூற்றாண்டு கண்ட துடுப்பாட்ட மரபு இருந்தது. அவ்வூரின் பெயரில் ஓர் அணி பிறந்ததும் அந்த மரபுக்கு ஒரு பாலம் கிடைத்தது. நிலமும் மரபும் கண்ணும் இருந்த இடத்தில் திறமை வெளிவந்தது. இவை எமது வாதத்தை உடைக்கவில்லை; உறுதிப்படுத்துகின்றன.

மூன்றாவது மறுப்பு எம்முடைய அணியிலிருந்தே வருகிறது. ஆகவே அதற்கு நிதானமாக மறுமொழி கூறுவோம். லயத்துக் கூரை ஒழுகுகிறது; காணி உரிமை இல்லை; சம்பளம் போதவில்லை; இந்நிலையில் மட்டையும் பந்தும் யாருக்கு வேண்டும், விளையாட்டென்பது மக்களின் கவனத்தைத் திருப்பும் மயக்கமருந்தல்லவா என்று நண்பர்கள் கேட்கின்றனர். வீடும் காணியும் சம்பளமும் முதன்மையானவை என்பதில் எமக்குக் கருத்து வேறுபாடில்லை. ஆனால் உழைப்பாளிக்கு உழைப்பு மட்டுமே உரியது, ஓய்வும் ஆட்டமும் கலையும் துரைக்குரியவை என்பது தோட்டத்துரையின் தத்துவம். அதனை நாம் எதற்காக வழிமொழிய வேண்டும்? எட்டு மணி நேர வேலைக்காகத் தொழிலாளர் உயிர்நீத்தபோது, எட்டு மணி நேர ஓய்வையும் எட்டு மணி நேரத் தன்னுரிமைப் பொழுதையும் சேர்த்தே கேட்டனர்.

மேலும், மலையில் சமதரை இல்லை என்று எமக்குச் சொல்லப்படுவது ஒரு வரலாற்றுப் பொய். திம்புள்ளைத் துரைமார் இரதல்லையிலும், டிக்கோயாத் துரைமார் தரவளையிலும் தமக்கெனத் துடுப்பாட்ட மைதானங்களை அமைத்துக்கொண்டனர். தேயிலை மலைகளின் நடுவே பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் அவை இன்றும் கிடக்கின்றன. வெளிநாட்டு அணிகளும் இரதல்லைக்கு வந்து ஆடியதுண்டு. துரைக்கு ஆட வேண்டுமென்று தோன்றியபோது மலை சமதரையாயிற்று. தொழிலாளியின் பிள்ளைக்கு ஆட வேண்டுமென்று தோன்றும்போது மட்டும் மலை மலையாகவே நிற்கிறது. இது நிலத்தின் குணமன்று, அதிகாரத்தின் குணம்.

இன்னும் ஒன்று. மைதானத்தில் நடப்பது பரீட்சை மண்டபத்திலும் நடக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டக் கோட்டா என்றொரு முறை உண்டு. அது மாவட்டத்தை அறியும், தோட்டத்தை அறியாது. மாத்தளை நகரின் வசதியுள்ள பாடசாலை மாணவனும், எல்கடுவை மலையில் விஞ்ஞான ஆசிரியரின்றிப் படிக்கும் மாணவியும் அதன் கண்ணுக்கு ஒரே மாவட்டத்தவர். அங்கும் ஒரு சிறுமி எல்லாத் தடைகளையும் தாண்டி மருத்துவ பீடம் சென்றால், உடனே பத்திரிகையில் படம் வரும். முத்துக் கதை எழுதப்படும். தாண்டமுடியாது நின்றவர்களின் வகுப்பறைக்கு ஆசிரியர் மறு ஆண்டும் வரமாட்டார். ஆதலின் விளையாட்டுத் தெரிவைப் பற்றிப் பேசுவது வேறு பேச்சன்று. ஒரு சமூகம் தன் பிள்ளைகளுள் எவரைப் பார்க்கிறது, எவரைப் பார்க்க மறுக்கிறது என்ற ஒரே பேச்சுத்தான்.

நாம் கேட்பவை

தானமும் சலுகையும் எமது கோரிக்கையில் இல்லை. கடைசிச் சுற்றில் எம்மவர் ஒருவருக்கு இடம் ஒதுக்குங்கள் என்று நாம் கேட்கவில்லை. ஒருவனை எடுத்துக் காட்சிக்கு வைத்துவிட்டு வாசலை மூடிக்கொள்ள அது வசதியாகிவிடும். நாம் கேட்பன இவை.

முதலாவது, நிலம். மாத்தளை, கண்டி மாவட்டங்களின் தோட்டங்களிற் பல அரச நிறுவனங்களின் பொறுப்பில் உள்ளவை. நிலத்துக்கு உரிமையாளன் அரசு. பாடசாலைக்கு உரிமையாளனும் அரசே. ஒரு கை மற்றக் கைக்கு இரண்டு ஏக்கர் கொடுக்க யாரிடம் அனுமதி பெற வேண்டும்? ஒவ்வொரு தோட்டத்திலும் பாடசாலைக்கென ஒரு மைதானம் அளந்து விடப்பட வேண்டும்.

இரண்டாவது, கண். தேர்வாளர் மலைக்கு வரவேண்டும். பிள்ளை நகருக்கு இறங்கி வரும்வரை காத்திருக்கலாகாது. ஆண்டுக்கொரு முறையேனும் எல்கடுவையிலும் இரத்தோட்டையிலும் கம்மடுவையிலும் தெரிவு நடத்தப்பட வேண்டும். கடினப்பந்து ஆடாதவன் என்று தள்ளாமல், மென்பந்து ஆட்டத்தையும் கண் கொண்டு பார்க்க வேண்டும். அறிவித்தல் தமிழிலும் வரவேண்டும். பயிற்சி தரும் ஆசிரியர் பிள்ளையின் மொழி அறிந்தவராயிருக்க வேண்டும். 1987இலிருந்து தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி என்பதை மைதானத்துக்கும் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, கணக்கு. மாவட்டத் தெரிவில் பங்குபற்றியவர், தேறியவர் ஆகியோரின் விபரம் பாடசாலை வாரியாகவும், ஆண் பெண் வாரியாகவும் ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். காணாமல் விட்டது தற்செயலா, வழக்கமா என்பதை அக்கணக்கே சொல்லிவிடும். நாட்டின் விளையாட்டு அமைப்புகளுள் செல்வம் மிக்கது துடுப்பாட்ட நிறுவனம். ஒரு பட்டியலை அச்சிட அதனிடம் பணமில்லை என்று எவரும் சொல்லத் துணியார்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வேலை உண்டு. இவையெல்லாம் நிறைவேறும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. உங்கள் பாடசாலையில் எந்தப் பிள்ளை தொலைவிலிருந்து எறிந்து விக்கெற்றை வீழ்த்துகிறான், எந்தச் சிறுமி எல்லோரையும் முந்தி ஓடுகிறாள் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பெயர், வயது, வகுப்பு, நாள் ஆகியன போதும். பத்துப் பாடசாலைகளின் குறிப்பேடுகள் ஒன்றுசேர்ந்தால் அது ஒரு பட்டியலாகும். அந்தப் பட்டியலோடு அதிகாரியின் மேசைக்குச் சென்றால், திறமையுள்ளவர் எவரும் இல்லை என்று அவர் சொல்ல முடியாது. நகரத்துப் பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் படிக்கும் மாணவர்கள் விடுமுறையில் ஊர் திரும்பும்போது, தாம் கற்ற ஆட்டத்தைத் தம்பி தங்கையருக்குக் கற்றுக்கொடுக்கலாம். தோட்டச் சங்கங்கள் தம் கோரிக்கைப் பட்டியலில் சம்பளத்துக்கும் வீட்டுக்கும் கீழே மைதானம் என்ற ஒரு வரியைச் சேர்க்கலாம்.

அடுத்த முறை, புறக்கணிக்கப்பட்ட ஒருவர் புகழெய்திய கதையைப் பத்திரிகையில் படிக்கும்போது, அதனை வகுப்பறைக்குக் கொண்டு செல்லுங்கள். ஆனால் கண்டெடுத்தவரின் பெயரோடு கதையை நிறுத்திவிடாதீர்கள். இவரை இத்தனை காலம் காணாதிருந்தவர் யார், ஏன் காணவில்லை, இவரோடு ஆடிய மற்றவர்கள் இன்று எங்கே என்ற மூன்று கேள்விகளை மாணவரிடம் கேளுங்கள். மாத்தளைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மூன்றாம் கேள்வியின் விடை தெரியும். அவர்கள் அதனைச் சொல்லட்டும், நாடு கேட்கட்டும்.